ரோசாவின் மூக்கு

1817-ல் இங்கிலாந்தில் வரையப்பட்ட ஒரு படத்தில் கிரிப், ரோசா என்று இரண்டு நாய்கள் இருக்கின்றன. அச்சாகிப் பரவிய படம். இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும். பெயர் சொல்லாமல் காட்டினால் இன்று யாரும் அவற்றைப் புல்டாக் என்று சொல்லமாட்டார்கள். மார்பு அகலம்தான், தலையும் பெரிதுதான். ஆனால் கால்கள் நீளம், இடுப்பு ஒடுக்கம், ஓடவும் பாயவும் முடிகிற உடம்பு. முக்கியமாக, ரோசாவுக்கு மூக்கு இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் நீண்டு வந்து முடிகிற, நாய்க்கு இருக்க வேண்டிய மூக்கு.

இந்தக் கட்டுரை புல்டாக்கின் மோவாயில் வரும் பருக்களைப் பற்றியது. அதற்கு ஏன் இருநூறு வருஷப் பழைய படத்தில் தொடங்க வேண்டும்? பருவுக்குக் காரணம் தேடிப் போனபோது, மருந்துச் சீட்டில் இல்லாத ஒன்றை அந்தப் படம் எனக்குச் சொன்னது.

திண்டிவனத்தில் என் சித்தப்பா மகன் ஒரு இங்கிலீஷ் புல்டாக் வளர்க்கிறான். ‘விக்ரம்’ படம் வந்த 2022-ல் வாங்கியது என்பதால் அதன் பெயர் ரோலக்ஸ். எனக்கு வேலை சென்னையில், ஊர் விழுப்புரம். போகிற வழியில் திண்டிவனத்தில் இறங்கி ரோலக்ஸைப் பார்க்காமல் போவதில்லை. அதை முதல்முறை பார்த்த எங்கள் ஆயா, “இன்னாடா இது, யாரோ செவுத்துல வச்சி மூஞ்சிய நசுக்கிட்டாப்ல கீது” என்றது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஆயா பார்த்தது சரி. அந்த முகம் நசுக்கப்பட்டதுதான். சுவரால் அல்ல, தலைமுறை தலைமுறையாக மனிதர்கள் செய்த தேர்வால்.

*

ஏழாவது மாதத்தில் ரோலக்ஸின் மோவாயில் சிவப்புப் புள்ளிகள் வந்தன. ஒரு வாரத்தில் அவை மிளகு அளவுக் கட்டிகளாயின. சிலவற்றில் சீழ். சோற்றுத் தட்டின் விளிம்பில் ரத்தக்கறை. “வயசுக்கு வந்துட்டான்ணா, அதான் பரு” என்று தம்பி போனில் சொன்னான்.

அவன் மட்டும் அல்ல, கால்நடை மருத்துவமும் நீண்ட காலம் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தது. குட்டிக்கு ஐந்திலிருந்து எட்டு மாதம் ஆகும்போது தொடங்குகிறது. பல நாய்களுக்கு ஒரு வயது தாண்டியதும் தானாகவே அடங்கிவிடுகிறது. மனிதப் பிள்ளைகளின் முகப்பருவோடு கணக்கு ஒத்துப்போனதால் பெயரும் ‘நாய்ப் பரு’ என்றே நிலைத்துவிட்டது.

ஆனால் உள்ளே நடப்பது வேறு. மனிதர்களின் பருவில் எண்ணெய்ச் சுரப்பி அதிகமாகச் சுரந்து துளை அடைபடுகிறது. நாயின் மோவாயில் பிரச்சினை முடியிலிருந்து தொடங்குகிறது. புல்டாக், பாக்சர், டாபர்மேன், கிரேட் டேன் போன்ற இனங்களுக்கு முடி குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்கும். தட்டிலும் தரையிலும் கடிக்கிற பொம்மையிலும் மோவாய் உரசும்போது அந்த முடி தோலுக்குள் தள்ளப்படுகிறது. மயிர்க்கால் உள்ளுக்குள் உடைகிறது. உடைந்ததும், சொந்த முடியே சதையில் ஏறிய முள் மாதிரி ஆகிவிடுகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்க்கிறது. வீக்கம், சிவப்பு, கட்டி எல்லாம் அந்தச் சண்டையின் அடையாளங்கள்.

இந்த முதல் கட்டத்தில் கிருமிக்குப் பெரிய பங்கு இல்லை. உடைந்த இடத்தில் பிறகு வந்து பெருகுவது பெரும்பாலும் ஸ்டாஃபிலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா. ஆரோக்கியமான நாயின் தோலிலும் அது சும்மா குடியிருக்கும். வேறொரு பெயரில் வெகுநாள் கணக்கில் இருந்த இதற்கு இந்தப் பெயர் வந்தது 2005-ல்தான்.

ஆகவே, பருவைக் கிள்ளக் கூடாது. மனிதர்களுக்கே சொல்கிற அறிவுரைதான், நாய்க்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். கிள்ளும்போது வெளியே வருவது கொஞ்சம் சீழ். உள்ளே இன்னும் நான்கு மயிர்க்கால்கள் உடைந்து, முடிகள் ஆழத்துக்குப் போகும். பிறகு அந்த இடம் தழும்பாகி, முடி முளைக்காத தடித்த தோலாகிவிடும்.

தம்பி கிள்ளவில்லை. வேறொன்று செய்தான். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் போய்ச் சொல்ல, அங்கே இருந்தவர் ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தார். “படர்தாமரை, சொறி, சிரங்கு எல்லாத்துக்கும் கேக்கும் தம்பி, நாய்க்கும் போடலாம்.” நம் ஊரில் இந்த ட்யூபைத் தெரியாத வீடு இல்லை. ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்பு. மேலே பூசும் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் விதி கொண்டுவந்தது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது.

பூசிய மூன்றாம் நாள் சிவப்பு போய்விட்டது. இரண்டாம் வாரத்தில் இரட்டிப்பாகத் திரும்பி வந்தது.

இதில் ஒரு தந்திரமான ஆபத்து இருக்கிறது. இளம் நாயின் மோவாயில் முடி கொட்டிச் சிவந்து கட்டி வருவதற்குப் பரு ஒன்றுதான் காரணம் என்றில்லை. டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரி மயிர்க்காலுக்குள் பெருகினாலும் ஆரம்பத்தில் இப்படியே தோன்றும். படர்தாமரையும் அப்படித்தான். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பைக் குறைத்து வீக்கத்தை அடக்குகிறது. டெமோடெக்ஸுக்கும் பூஞ்சைக்கும் இதைவிட வசதி வேறு இல்லை. மேலே அமைதியாகத் தெரியும்போதே அடியில் அவை பரவும். அதனால் நல்ல மருத்துவர் முதலில் மருந்து எழுதமாட்டார். பிளேடால் தோலை மெல்லச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். சீழைக் கண்ணாடித் துண்டில் ஒற்றி, அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். ரோலக்ஸுக்கும் அப்படிப் பார்த்தார்கள். சிற்றுயிரி இல்லை, பூஞ்சை இல்லை. பருதான், அதில் பாக்டீரியா ஏறியிருக்கிறது.

மருத்துவர் சொன்னவற்றில் பாதி மருந்து, பாதி வீட்டு வேலை. பிளாஸ்டிக் தட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வர் தட்டு வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் விழும் கீறல்கள் மோவாயை உரசும், அவற்றில் கிருமியும் தங்கும். தட்டைத் தினம் கழுவ வேண்டும். சாப்பிட்டதும் தண்ணீர் குடித்ததும் மோவாயை ஈரத்துணியால் ஒற்றி, பிறகு உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்ப்பதும் உரசல்தான். முரட்டு ரப்பர் பொம்மையை எடுத்துவிட வேண்டும். நாய்களுக்கென்று வருகிற பென்சாயில் பெராக்சைடு மருந்தை அவர் சொன்ன நாட்களில் மட்டும் போட்டு, சில நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். அது மயிர்க்காலுக்குள் இறங்கி அடைப்பைக் கழுவி, கிருமியையும் குறைக்கும். நாய்க்குப் பொதுவாக 2.5 சதவீதத்தை ஒட்டிய அளவு. மனிதர்களின் முகப்பருவுக்கு விற்கிற 5, 10 சதவீத ஜெல் நாயின் தோலை எரித்துவிடும். ஆழமான கட்டியாக இருந்தால் சீழை கல்ச்சருக்கு அனுப்பி, அதற்குக் கேட்கிற ஆன்டிபயாடிக்கைப் பல வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். வீக்கம் குறைந்ததும் பாதியில் நிறுத்தினால், அடுத்த முறை வருகிற கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம்.

மனிதர் சோப்பும் வேண்டாம். நம் தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது. நாயின் தோல் நடுநிலைக்கு அருகில். நமக்கு இதமான சோப்பு அதற்கு இதமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மஞ்சளை அரைத்துப் பூசுவது நம் பக்கத்தில் பழக்கம். கெட்டியான எந்தப் பூச்சும் புல்டாக்கின் மடிப்பில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பாதியை அது நக்கியும்விடும். டீ ட்ரீ ஆயில் நாய்க்கு விஷம்.

இரண்டு மாதத்தில் மோவாய் ஆறியது. இரண்டு இடத்தில் முடி முளைக்கவில்லை.

*

பரு ஒரு பிரச்சினை, மடிப்பு வேறு பிரச்சினை. வளர்ப்பவர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். பரு மோவாயிலும் உதட்டோரத்திலும் வரும். மடிப்பில் வருவது வேறு. மூக்குக்கு மேலே உருண்டு நிற்கிற தோல், கன்னத்து மடிப்பு, வாலுக்கு அடியில் இருக்கிற குழி ஆகிய இடங்களில் தோலும் தோலும் உரசி, காற்றுப் புகாமல், ஈரம் தங்கி, பாக்டீரியாவும் மலசீசியா என்ற ஈஸ்ட்டும் பெருகி வருகிற அழற்சி அது. புளித்த மாவு மாதிரி ஒரு வாடை வரும். மடிப்பை விரித்துப் பார்த்தால் செக்கச்சேவேல் என்று இருக்கும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டம் முழுக்க ஏரி எது, ரோடு எது என்று தெரியவில்லை. தம்பி வீட்டுத் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. வீட்டில் உலர்ந்த துணி என்று எதுவும் இல்லை. எல்லார் வீட்டிலும் இதே பாடுதான். ஆனால் ரோலக்ஸுக்கு அந்த மூன்று நாளே போதுமாக இருந்தது. நான்காம் நாள் நான் போனபோது மூக்கு மடிப்புக்குள் தோல் உரிந்து, தொட்டால் கத்தியது. அந்தத் தெருவின் நாட்டு நாய்கள் அதே மழையில் மூன்று நாளும் நனைந்திருந்தன. உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு டீக்கடைத் தாழ்வாரத்தில் படுத்திருந்தன.

சித்தப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து, கரி அடுப்புச் சூட்டில் காயவைத்து, விரலில் சுற்றி, மடிப்பு மடிப்பாக நானும் தம்பியும் ஒற்றி எடுத்தோம். ஒரு பக்கம் முடிய இருபது நிமிடம். ரோலக்ஸ் நல்ல நாய், கடிக்கவில்லை. மூச்சுதான் குர் குர் என்று இழுத்துக்கொண்டே இருந்தது. நாய்க்கு உடம்பு முழுக்க வேர்க்காது. பாதங்களில்தான் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். அதற்கு மூக்கும் வாயும் நீளமாக, காற்று தடையில்லாமல் போகும்படி இருக்க வேண்டும். மே மாதத் திண்டிவனத்தில் ரோலக்ஸுக்கு ஏசி ஆடம்பரம் இல்லை, உயிர் பிழைக்கும் வழி.

பிரிட்டனின் ராயல் வெட்டரினரி காலேஜ் நடத்திய ஆய்வு ஒன்று 2022-ல் வந்தது. மற்ற நாய்களோடு ஒப்பிட்டால் இங்கிலீஷ் புல்டாக்குக்கு மடிப்புத் தோலழற்சி வருவதற்கான வாய்ப்பு 38 மடங்கு. எண்ணைத் திரும்பவும் சரிபார்த்தேன், 38 மடங்குதான். அதே வருஷம் அதே நாட்டில் வந்த இன்னொரு கணக்கில், நாய்களின் சராசரி எதிர்பார்ப்பு ஆயுள் சுமார் 11.2 ஆண்டு, இங்கிலீஷ் புல்டாக்குக்கு சுமார் 7.4.

38 மடங்கு என்பது கிருமியின் கணக்கு அல்ல. கிருமி எல்லா நாய்க்கும் ஒன்றுதான். இது உடம்பின் வடிவக் கணக்கு. முகத்து எலும்பு குட்டையாகிக்கொண்டே வந்தது, தோல் அதே அளவுக்குக் குறையவில்லை. மிஞ்சிய தோல்தான் மடிப்பு. பருவுக்கு முழுப் பழியையும் வடிவத்தின் மேல் போட முடியாது, நீள மூக்கு டாபர்மேனுக்கும் வருகிறது. ஆனால் ரோலக்ஸ் சாப்பிடுவதைப் பார்த்தால் தெரியும். மூக்கு முன்னால் போகாததால் முகத்தையே தட்டில் அழுத்தி, துருத்திய கீழ்த்தாடையால் சோற்றை அள்ளும். ஒவ்வொரு வேளைச் சோறும் மோவாய்க்கு ஒரு உரசல்.

ரோசாவுக்கு இருந்த மூக்கு ரோலக்ஸுக்கு எப்படி இல்லாமல் போனது?

*

இங்கிலாந்தில் காளையைக் கம்பத்தில் கட்டிவைத்து அதன்மேல் நாய்களை ஏவி வேடிக்கை பார்க்கும் வழக்கம் பல நூற்றாண்டுகள் இருந்தது. நாய் காளையின் மூக்கைக் கவ்வி விடாமல் தொங்க வேண்டும். புல்டாக் என்ற பெயர் அதிலிருந்து வந்தது. 1835-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விலங்கு வதைத் தடைச் சட்டத்தின் மூலம் இதை நிறுத்தியது. நல்ல சட்டம். ஆனால் அதோடு புல்டாக்குக்கு இருந்த வேலை போய்விட்டது.

வேலை போன நாய்க்கு அடுத்து கிடைத்தது மேடை. 1859-ல் நியூகாசில் நகரத்தில் நவீன காலத்தின் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. அதே வருஷம் நவம்பரில் டார்வினின் ‘உயிரினங்களின் தோற்றம்’ வெளியானது. அதன் முதல் அத்தியாயமே வீட்டு விலங்குகளை மனிதன் எப்படித் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து மாற்றுகிறான் என்பதைப் பற்றியது. இயற்கைத் தேர்வை விளக்க அவர் கையில் எடுத்த உதாரணம் மனிதத் தேர்வு. அந்த மனிதத் தேர்வுக்குப் பரிசுக்கோப்பையும் நடுவரும் கிடைத்தது அந்த வருஷம்தான்.

1865-ல் ‘பைலோ குவான்’ என்ற புனைபெயரில் புல்டாக்குக்கு ஒரு இலக்கணம் எழுதப்பட்டது. கிரேக்கத்தில் ‘நாய் நேசன்’ என்று பொருள். 1873-ல் கென்னல் கிளப். 1875-ல் புல்டாக் சங்கம். தலை இப்படி இருக்க வேண்டும், தாடை இப்படித் துருத்த வேண்டும், நெற்றி இப்படிச் சுருங்க வேண்டும் என்று எழுதினார்கள். விந்தை என்னவென்றால், உருவத்துக்கும் அளவுக்கும் அவர்கள் முன்மாதிரியாகச் சொன்னது அந்த 1817-ஆம் வருஷப் படத்து ரோசாவைத்தான்.

என் தொழிலில் இதை ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் என்போம். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் டெஸ்ட் செய்வார்கள். எழுதாததை யாரும் டெஸ்ட் செய்வதில்லை. புல்டாக்கின் இலக்கணத்தில் முகம் ‘குட்டை’ என்று இருந்தது. எவ்வளவு குட்டை என்று எண் இல்லை. அந்த வெயிலில் ஒரு மைல் நடக்குமா, மடிப்புக்குள் தோல் உலர்ந்திருக்குமா, தானே குட்டி போடுமா என்ற டெஸ்ட்களும் இல்லை. நடுவர் முன்னால் இரண்டு நாய் நின்றால் இன்னும் கொஞ்சம் குட்டை மூக்கு, இன்னும் கொஞ்சம் ஆழ்ந்த மடிப்பு உள்ளது ஜெயித்தது. ஜெயித்த நாயிடம் எல்லோரும் தங்கள் பெட்டையைக் கொண்டுபோனார்கள். யாரும் ஒரே நாளில் முகத்தை நசுக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கியது. 2010-ல் வெளியான பிரிட்டிஷ் கணக்கெடுப்பு ஒன்றில் புல்டாக் பிரசவங்களில் 80 சதவீதத்துக்கும் மேல் சிசேரியன்.

மடிப்புகள் எதற்கு என்று கேட்டால், காளையின் ரத்தம் நாயின் மூக்கில் இறங்காமல் வடிந்து போகத்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். காளையோடு மல்லுக்கட்டிய காலத்து ரோசாவின் முகத்தில் அந்த அளவு மடிப்பு இல்லை. கட்டி முடித்த வீட்டுக்குப் பிறகு வாஸ்து பார்த்த மாதிரி, வடிவம் வந்த பிறகு சேர்த்துக்கொண்ட காரணமாகத்தான் இதை எடுத்துக்கொள்ள முடிகிறது.

*

இதைப் படித்துக்கொண்டிருந்த நாட்களில் என் நினைவுக்கு வந்தது வேறொரு நாய். அதுவும் எங்கள் பக்கத்து நாய். விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற பக்கம் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்ம பல்லவன் கல்வெட்டில் சொல்லிக்கொண்ட குடைவரை. அதே மகேந்திரவர்மன் ஆட்சியின் 34-ஆம் ஆண்டில், இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் நட்டார்கள். எருமைகளைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கான கல். வீரனுக்குப் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள்: கோவிவன். அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றது என்ற செய்தியும் கல்லில் இருக்கிறது.

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாயைப் பற்றி எழுத உட்கார்ந்தவர்கள் எழுதியது இரண்டே தகவல். பெயர், செய்த காரியம். மூக்கின் நீளம் இல்லை, நிறம் இல்லை.

உடனே ‘நம்ம ஊர் நாய்தான் பெஸ்ட், வெள்ளைக்காரன்தான் கெடுத்தான்’ என்று முடித்துவிட ஆசையாக இருக்கும். அது அவ்வளவு எளிதில்லை. ராஜபாளையம் நாயை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 ஜனவரியில் அஞ்சல் தலையில் வந்த நாய். தூய வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு இருந்தால்தான் மதிப்பு என்று ஆக்கிவைத்தோம். அந்த வெள்ளைக்கும் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கும் தொடர்பு உண்டு. காது கேட்காத குட்டிகள் இந்த இனத்தில் பிறப்பது வளர்ப்பவர்களுக்குப் பழகிய விஷயம். காவலுக்குப் பேர்போன இனத்தில் காது கேட்காத குட்டி! இதை எந்தத் துரையும் வந்து செய்யவில்லை. கண்ணுக்கு அழகாகத் தெரிந்த ஒன்றுக்காக நாயின் உடம்பில் கைவைக்கும் பழக்கத்துக்கு நாடு, மொழி வித்தியாசம் இல்லை.

குட்டை மூக்கு நாய் நம் தெருவுக்கு வந்த கதையும் சமீபத்தியது. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவனின் பின்னால் ஒரு பக் நாய் ஓடியது. அதன்பிறகு நடுத்தர வீடுகளில் ‘ஹட்ச் நாய்’ என்றே ஒரு இனம் உருவாகிவிட்டது. பக்கை அடுத்து பிரெஞ்சு புல்டாக், இங்கிலீஷ் புல்டாக். வணிக நோக்கில் இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதை 2016 ஏப்ரலில் மத்திய அரசு தடுத்தது. 2017-ல் நாய் வளர்ப்பு, விற்பனைக்கான விதிகள் வந்தன. 2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெயிலுக்கு ஒவ்வாத இனங்கள் என்று சிலவற்றைப் பட்டியலிட்டது. பிரெஞ்சு புல்டாக்கும் பக்கும் அதில் உண்டு.

வெளியிலும் இந்த விவாதம் நடக்கிறது. 2008-ல் பிபிசி வம்சாவளி நாய்களின் நோய்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் ஒளிபரப்பியது. அதையொட்டி எழுந்த கூச்சலுக்குப் பிறகு 2009-ல் கென்னல் கிளப் புல்டாக்கின் இலக்கணத்தைத் திருத்தி, மூக்கின் மேல் கனத்த மடிப்பு கூடாது என்று எழுதியது. 2019-ல் நெதர்லாந்து, மூக்கு நீளம் மண்டையின் நீளத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று கறாராக நடக்கத் தொடங்கியது. கடைசியில் ஒருவழியாக மூக்குக்கு ஒரு எண் வந்தது. 2022 ஜனவரியில் ஓஸ்லோ மாவட்ட நீதிமன்றம் இங்கிலீஷ் புல்டாக்கை இனப்பெருக்கம் செய்வதே நார்வேயின் விலங்கு நலச் சட்டத்துக்கு விரோதம் என்றது. புல்டாக் விஷயத்தில் அந்தத் தீர்ப்பு அதே வருஷம் மேல்முறையீட்டில் நிற்கவில்லை.

திருத்தலாம் என்றால், எங்கிருந்து திருத்துவது? 2016-ல் கலிஃபோர்னியாவில் நீல்ஸ் பெடர்சன் குழு 102 இங்கிலீஷ் புல்டாக்குகளின் மரபணுவை ஆராய்ந்தது. இனத்துக்குள் மிஞ்சியிருக்கிற மரபணுப் பன்மை மிகவும் குறைவு; இருக்கிற நாய்களை வைத்தே உடம்பைப் பின்னோக்கித் திருப்புவது கடினம் என்பது அவர்கள் முடிவு. சோர்ஸ் கோடின் பழைய பிரதிகள் எல்லாம் அழிந்துபோய், கடைசி வெர்ஷன் மட்டும் கையில் இருக்கிற நிலைமை. மூக்கை மீட்க வேண்டுமானால் வேறு இனத்தோடு கலக்க வேண்டும். கலந்தால் ‘சுத்த’ புல்டாக் இல்லை என்பார்கள்.

*

சென்ற பொங்கலுக்கு நான் போயிருந்தபோது தம்பிக்கு ஒரு போன் வந்தது. புதுச்சேரியிலிருந்து ஒருவர். அவரிடம் ஒரு பெட்டை புல்டாக் இருக்கிறது. ரோலக்ஸைக் கிராஸுக்குத் தர முடியுமா? பணமாக வேண்டுமா, போடுகிற குட்டிகளில் ஒன்று வேண்டுமா? “மூஞ்சி சூப்பரா இருக்குது உங்க நாய்க்கு. நல்லா உள்ள போயி, ரிங்க்கிள்ஸ் நெறைய. அதான் கேக்கறேன்” என்று அவர் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

அந்த நேரம் ரோலக்ஸ் தரை டைல்ஸில் கால்களைப் பரப்பிக் கவிழ்ந்து படுத்திருந்தது. சித்தி சாப்பாட்டுக்குப் பிறகான துடைப்பை முடித்து, துணியைப் பக்கெட்டில் போட்டிருந்தார். தினம் இரண்டு வேளை, மூன்றாவது வருஷமாக நடக்கிற வேலை. இந்த வீட்டில் யாரும் ஊருக்குப் போனால் ‘யார் துடைப்பது’ என்பதுதான் முதல் கேள்வி.

“யோசிச்சு சொல்றேங்க” என்று வைத்தான் தம்பி. பிறகு என்னிடம், “ஒரு குட்டி கெடைக்கும்ணா. வித்தாலே இதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போட்ட காசு வந்துரும்” என்றான்.

நான் பைலோ குவானைப் பற்றியோ நார்வேயைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. மருத்துவர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன். அவர் முன்பே சொல்லியிருந்தார்: தோல் நோய் திரும்பத் திரும்ப வருகிற நாயை இனப்பெருக்கத்துக்கு விடாமல் இருப்பது நல்லது. போனில் பேசியவர் எதைப் பார்த்து ரோலக்ஸைக் கேட்டாரோ, அந்த மடிப்புக்குத்தான் சித்தி தினமும் வேட்டித் துணி கிழிக்கிறார். 1860-களின் நடுவர் எதைப் பார்த்துப் பரிசு கொடுத்தாரோ, அதற்குத்தான் இவரும் விலை சொன்னார். இலக்கணம் எழுதிய தாள் லண்டனில் இருக்கலாம். அது செல்லுபடியாவது இந்த மாதிரி ஒரு போன் காலில்தான்.

அதனால் புல்டாக் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. வீட்டில் இருக்கிற நாய்க்குத் துணி, எவர்சில்வர் தட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு மருந்து எழுதுகிற மருத்துவர். அது ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை, அலுக்கக் கூடாது. இனிமேல் பிறக்கப்போகிற நாய்க்குச் செய்யக்கூடியது அதைவிடச் சின்னது. வாங்கப் போகும்போது குட்டியின் முகத்தோடு தாய், தகப்பனின் மோவாயையும் மடிப்பையும் விரித்துப் பாருங்கள், மூச்சுச் சத்தத்தைக் கேளுங்கள். யாராவது கிராஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

அன்று சாயங்காலம் தம்பி அவருக்குத் திரும்பப் போன் செய்தான். “இல்லீங்க, டாக்டர் வேணாம்னுட்டாரு. ஆபரேஷன் பண்ணிடலாம்னு இருக்கேன்” என்றான். அந்தப் பக்கம் அவர் கொஞ்ச நேரம் பேசிப் பார்த்தார். ரேட்டைக் கூட்டினார். தம்பி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “இல்லீங்க” என்று மறுபடியும் சொல்லி வைத்துவிட்டான்.

ராத்திரி சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது. எவர்சில்வர் தட்டு தரையில் இழுபடுகிற சத்தம் கேட்டது. சித்தி காயப்போட்ட துணியை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனார்.